துணைநாடி தேறுகிறாரா? ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்டுப் பார்ப்பது எப்படி

"உங்களிடம் வருகிறவர்களில் யாருக்கு நிலைமை மோசமாகிக்கொண்டு போகிறது?" என்று ஓர் உளவளத்துணையாளரிடம் கேட்டுப் பாருங்கள். சரியான பதில் கிடைப்பது அரிது. அமெரிக்காவில் மைக்கேல் லாம்பர்ட்டின் ஆய்வுக் குழு இதைச் சோதித்து 2005இல் வெளியிட்டது. 550 துணைநாடிகளில் (உளவளத்துணை நாடி வருகிறவர்களில்) யார் மோசமடைந்து முடிப்பார்கள் என்று அவர்களுடைய சிகிச்சையாளர்களிடமே கேட்டார்கள். அவர்கள் காட்டியது 3 பேரை. கடைசியில் மோசமடைந்தவர்கள் 40 பேர். காட்டிய அந்த 3 பேரில் ஒருவர் மட்டுமே இந்த 40 பேருக்குள் இருந்தார். துணைநாடிகள் கிழமைதோறும் நிரப்பிக் கொடுத்த படிவத்தின் புள்ளிகளை வைத்துப் போட்ட கணக்கோ, அந்த 40 பேரில் மிகப் பெரும்பாலானோரை முன்கூட்டியே பிடித்துவிட்டது.

சிகிச்சையாளர்கள் கவனமில்லாதவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அறைக்குள் நாம் பார்ப்பது அந்த முக்கால் மணி நேரத்தை மட்டும். வந்தவர் அழுகிறார், பேசுகிறார், கொஞ்சம் லேசாகி எழுந்து போகிறார். அந்த லேசு பஸ் ஸ்டாண்டோடு நின்றதா, லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) போய் நாலு நாள் தாங்கியதா என்பது நமக்குத் தெரிய வழியில்லை. இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உத்தியோகத்தில் இருப்பவர்களிடம் குறை சொல்லிப் பழகாத மக்கள் இவர்கள். துரை (தோட்ட நிர்வாகி) கேட்டாலும், டிஸ்பென்சரி ஐயா கேட்டாலும், கிளினிக் மிஸ் கேட்டாலும் "பரவாயில்லைங்க" என்றுதான் பதில் வரும். மாதக்கணக்கில் அதையே சொல்லிக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் வராமல் நின்றுவிடுவார்கள். நாமும் "அவங்களுக்குச் சுகமாயிடுச்சு போல" என்று கோப்பை மூடிவிடுவோம்.

இதைத் தடுக்க ஒரு எளிய முறை இருக்கிறது. ஒவ்வொரு சந்திப்பின் தொடக்கத்திலும் ஒரு குட்டிப் படிவம். அதை அங்கேயே கூட்டி, அவருக்கு முன்னாலேயே பார்ப்பது. நகரவில்லை என்றால் அன்றைக்கே சிகிச்சையில் எதையாவது மாற்றுவது. இந்த மூன்றில் முதலாவதைச் செய்கிறவர்கள் நிறையப் பேர். மூன்றாவதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. பலன் முழுக்க அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது.

எந்தப் படிவத்தை எடுப்பது

லாம்பர்ட் குழு பயன்படுத்தியது ஓகியூ-45 என்ற படிவம். 45 கேள்விகள், மொத்தம் 180 புள்ளி, பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும். விடியற்காலை எழுந்து வேலை முடித்து, பாதி நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் ஒரு பெண்ணிடம் ஒவ்வொரு தடவையும் 45 கேள்வி கேட்பது நம்முடைய இடத்துக்குச் சரிவராது. அதை ஒதுக்கிவிடலாம்.

பிஎச்கியூ-9 மனச்சோர்வுக்கானது. 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. கட்டணம் இல்லை, அனுமதியும் கேட்க வேண்டியதில்லை. 5, 10, 15, 20 என்ற புள்ளிகளில் லேசான, நடுத்தர, ஓரளவு கடுமையான, கடுமையான என்று படிகள் மாறும். பதற்றத்துக்கு இதே மாதிரி ஜிஏடி-7 இருக்கிறது, மொத்தம் 21. இரண்டும் கடந்த இரண்டு கிழமையைப் பற்றிக் கேட்பவை என்பதை மறந்துவிடக் கூடாது. கிழமைக்கு ஒருதரம் கொடுத்தால், போன தடவை சொன்ன கிழமையே மறுபடியும் பாதி உள்ளே வந்துவிடும். மாற்றம் மந்தமாகத் தெரியும். இரண்டு கிழமைக்கு ஒருதரம் அல்லது மாதம் ஒருதரம் சந்திக்கிற அரச கிளினிக்குகளுக்கு இவை நன்றாகப் பொருந்தும்.

கிழமைதோறும் பார்க்கிறவர்களுக்கு, பொதுவான மன உளைச்சலை அளக்கும் கோர்-10 நல்லது. 10 கேள்விகள், 0 முதல் 4, மொத்தம் 40, கேட்பது கடந்த ஒரு கிழமையை. இதில் எல்லாரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 2ஆம், 3ஆம் கேள்விகள் நல்லதைக் கேட்பவை: தேவைப்படும்போது துணைக்கு ஆள் இருந்ததா, பிரச்சினை வந்தால் சமாளிக்க முடிந்ததா. இவற்றுக்கு மட்டும் புள்ளி தலைகீழ். எப்போதும் ஆள் இருந்தது என்றால் 0, இருக்கவே இல்லை என்றால் 4. இதைக் கவனிக்காமல் கூட்டினால், தேறி வருகிற ஒருவருக்கு 8 புள்ளி வரை கூடிப்போகும். நாமும் வீணாகப் பதறுவோம். படிவத்தை அச்சிடும்போதே அந்த இரண்டு வரிகளிலும் கட்டங்களுக்குள் எண்ணைத் தலைகீழாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். புதிதாகத் தட்டச்சு செய்கிறவர்கள் "எல்லா வரியும் ஒரே மாதிரி இருக்கட்டும்" என்று அதைத் திருத்திவிடுவதால்தான் இந்தப் பிழை வருகிறது.

நான்காவது, ஸ்கொட் மில்லரும் பரி டங்கனும் உருவாக்கிய ஓஆர்எஸ். இதில் கேள்வியே இல்லை. 10 சென்ரிமீற்றர் நீளமான நாலு கோடுகள்: தன் நிலை, குடும்பமும் நெருங்கிய உறவுகளும், வேலை-பள்ளிக்கூடம்-ஊர் பழக்கம், மொத்தத்தில். இடது முனை கஷ்டம், வலது முனை நல்லம். கோட்டின் மேல் ஒரு குறி. ரூலரால் அளந்து கூட்டினால் மொத்தம் 40. ஒரு நிமிடம் போதும். தனியாள் ஒருவர் பாவிக்க இலவசமாக உரிமம் பெறலாம். வாசிக்கத் தெரியாதவருக்கும் விரலை வைத்துக் காட்ட முடியும் என்பதால், தோட்டப்புறத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இதன் ஜோடி எஸ்ஆர்எஸ். அதிலும் நாலு கோடு, ஆனால் கேட்பது அன்றைய சந்திப்பைப் பற்றி: நான் சொன்னதைக் கேட்டார்களா, நான் பேச வந்ததைப் பேசினோமா, செய்த முறை எனக்குப் பொருந்தியதா, மொத்தத்தில் எப்படி. ஓஆர்எஸ் தொடக்கத்தில், எஸ்ஆர்எஸ் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது.

போட்டோக்கொப்பி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடையில் பக்கத்துக்குப் பொருந்துமாறு சுருக்கி எடுத்தால் 10 சென்ரிமீற்றர் கோடு ஒன்பதரைக்கு வந்துவிடும். நாலு கோட்டுக்கும் சேர்த்து 2 புள்ளி காணாமல் போகும். கட்டுக்கட்டாக எடுக்கும் முன் முதல் பிரதியை ரூலர் வைத்துப் பாருங்கள்.

எதை எடுத்தாலும் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று மாற்றினால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. இன்னொன்று: ஓஆர்எஸ்ஸில் புள்ளி ஏறுவது நல்லது, மற்ற மூன்றிலும் இறங்குவது நல்லது. ஒரே கோப்பில் இரண்டும் இருந்தால் வரைபின் ஓரத்தில் "நல்லம்" என்று எழுதி ஓர் அம்புக்குறி போட்டு வையுங்கள். அவசரத்தில் தலைகீழாக வாசித்துவிடுகிறோம்.

தமிழ் வடிவத்தை வாங்கியதும் நேரே பாவிக்க வேண்டாம். பல மொழிபெயர்ப்புகள் கட்டுரைத் தமிழில் இருக்கும். "ஆர்வமின்மை", "நம்பிக்கையிழந்த உணர்வு" என்றால் கொழுந்து மலையில் யாருக்கும் போய்ச் சேராது. படிவத்தில் அச்சான வரியை மாற்றாமல், வாசித்துக் காட்டும்போது சொல்ல வேண்டிய பேச்சு வடிவத்தை ஒரு தாளில் எழுதிவைத்து, எல்லாருக்கும் ஒவ்வொரு தடவையும் அதையே சொல்லுங்கள். "எதுலயும் மனசு போகல", "தல பாரமா இருக்கு", "ஒடம்பு ஏலாம கெடக்கு" என்று வரும். இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி விளக்கினால் புள்ளி மாறியது அவராலா, நம் விளக்கத்தாலா என்று பிரிக்க முடியாது.

தராசு இல்லை என்று புரியவைப்பது

தோட்டத்தில் வேலை செய்யும் பெண் ஒருத்திக்குத் தன் உழைப்பை எண்ணில் எழுதுவது புதிது இல்லை. நாள் முழுக்க எடுத்த கொழுந்து நிறுக்கப்படுகிறது. தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று கிலோ கழிக்கப்படுகிறது. குறைந்தால் முழுப்பேர் (ஒருநாள் சம்பளக் கணக்கு) அரைப்பேர் ஆகிறது. ஆகவே உத்தியோகத்தர் ஒருவர் தாளை நீட்டி ஓர் எண்ணை எழுதினால், அதிலிருந்து தனக்கு ஏதோ கழியப்போகிறது என்று அவர் நினைப்பது முற்றிலும் நியாயம். குறைத்துச் சொன்னால் மருந்து கூட்டுவார்களோ, கூட்டிச் சொன்னால் இனி வர வேண்டாம் என்பார்களோ என்று யோசித்து, நடுவில் ஒரு குறி வைத்துவிடுவார். அந்தக் குறியால் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

முதல் சந்திப்பில் இரண்டு நிமிடம் செலவழித்து இப்படிச் சொல்லலாம்:

"அக்கா, இது ஒங்களுக்குப் போடுற மார்க்ஸ் இல்ல. நான் செய்யிற வேலை ஒங்களுக்கு ஒதவுதா இல்லையான்னு எனக்குக் காட்டுற தாள். ஒதவலன்னா மாத்திச் செய்ய வேண்டியது நான். இது தொர ஆபீஸுக்குப் போகாது, டிஸ்பென்சரிக்கும் போகாது. எனக்கு வழி காட்டுற பெரியவங்க ஒருத்தர் பாப்பாங்க, அதுல ஒங்க பேரு இருக்காது. ஒங்க உசுருக்கோ புள்ளைங்க உசுருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் நான் சும்மா இருக்க மாட்டேன், ஒங்களுக்குச் சொல்லிட்டுத்தான் மத்தவங்ககிட்ட பேசுவேன்."

அப்புறம் கோட்டைக் காட்டி: "இந்தப் பக்கம் ஏலவே ஏலாது. அந்தப் பக்கம் நல்லா இருக்கேன். போன கிழமையிலருந்து இன்னைக்கு வரைக்கும் எந்த எடத்துல இருக்கீங்க? வெரல வைங்க." விரல் வைத்த இடத்தில் நாம் குறி போடுகிறோம். அவர் விரலை எடுப்பதற்கு முன் நம் பேனை ஓடக் கூடாது. நாம் எங்கே எதிர்பார்க்கிறோம் என்று பேனையின் நுனியே காட்டிக்கொடுத்துவிடும்.

படிவம் நிரப்பும்போது அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. கணவரோ மாமியாரோ கூட வந்திருந்தால், அந்த இரண்டு நிமிடத்துக்கு மட்டுமாவது வெளியே இருக்கச் சொல்லுங்கள். குடும்பத்துக்கான கோட்டில் அவர்கள் முன்னால் வைத்த குறியையும் தனியே வைத்த குறியையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். சிங்களம் மட்டும் தெரிந்த உத்தியோகத்தர், மொழிபெயர்க்க அதே தோட்டத்து ஆளையே பிடித்துக்கொள்வது இன்னும் ஆபத்து. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் (அறை வீட்டில்) இருப்பவரிடம் யார்தான் மனசைத் திறப்பார்கள்? அந்த இடத்தில் கோட்டுப் படிவத்தைப் பேச்சே இல்லாமல் பாவிப்பது மேல்.

தாளில் பெயர் எழுதாதீர்கள். கோப்பு இலக்கம் மட்டும். தோட்டத்து அலுவலக மேசையில் ஒரு மணி நேரம் கிடந்தாலே செய்தி எல்லா டிவிஷனுக்கும் போய்விடும்.

எண்ணை வாசிப்பது

முதல் புள்ளி வெறும் தொடக்கம். இரண்டாவதிலிருந்துதான் வாசிப்பு ஆரம்பிக்கிறது. ஒரு சதுரக் கோட்டுத் தாளில் படுக்கை அச்சில் சந்திப்பு, நிலை அச்சில் புள்ளி. மென்பொருள் தேவையில்லை.

ஒன்றிரண்டு புள்ளி ஏறி இறங்குவதைப் பார்த்து மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். எந்தக் கருவியிலும் தற்செயலான ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டத்தைத் தாண்டிய மாற்றம் எவ்வளவு என்று கணக்கிடும் வழியை ஜேக்கப்சனும் ட்ரூவாக்ஸும் 1991இல் பிரபலப்படுத்தினார்கள். நடைமுறைக்கு நினைவில் வைக்க வேண்டிய எண்கள்: பிஎச்கியூ-9இல் 5, கோர்-10இல் 6, ஓஆர்எஸ்ஸில் 5, ஓகியூ-45இல் 14. இதற்குக் குறைவான அசைவை அசைவாக எடுக்காதீர்கள். இன்னொரு எண் வெட்டுப்புள்ளி. சிகிச்சைக்கு வருகிறவர்களையும் சாதாரணமாக வாழ்கிறவர்களையும் பிரிக்கும் கோடு அது. கோர்-10இல் 11, ஓஆர்எஸ்ஸில் பெரியவர்களுக்கு 25, பதின்ம வயதினருக்கு 28.

உதாரணத்துக்கு ஒரு வரிசை: கோர்-10இல் 24, 22, 25, 23. நாலு சந்திப்பு, அசைவு 3க்குள். அந்த 22ஐப் பார்த்து "கொறஞ்சிருக்கே" என்று சொல்லியிருந்தால் நாமும் ஏமாந்திருப்போம், அவரையும் ஏமாற்றியிருப்போம். இன்னொரு வரிசை: 24, 21, 17, 15. மூன்றாம் சந்திப்பிலேயே 7 இறங்கிவிட்டது, உண்மையான மாற்றம்தான். ஆனால் 15 இன்னும் 11க்கு மேலே. நிறுத்தும் நேரம் வரவில்லை.

ஓஆர்எஸ்ஸில் முதல் நாளே 34 என்று வந்தால் உஷாராகுங்கள். ஒன்று, அவர் தானாக வரவில்லை; பொலிஸோ பாடசாலையோ குடும்பமோ அனுப்பியிருக்கிறது. அல்லது மரியாதைக்காக வைத்த குறி. "ஒங்கள இங்க அனுப்புனவங்க இந்தத் தாள நெரப்பியிருந்தா குறிய எங்க வச்சிருப்பாங்க?" என்று கேட்டுப் பார்த்தால் பேச்சு திறக்கும்.

நாட்காட்டியையும் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலான தோட்டங்களில் சம்பளம் மாதம் 10ஆம் திகதியை ஒட்டி வருகிறது. சம்பளத்துக்கு முந்திய கிழமை கடைக்கடன் நெருக்கம். சம்பளத்துக்குப் பிந்திய நாட்கள், குடிக்கிற ஆள் இருக்கிற வீட்டில் வேறு நெருக்கம். 5ஆம் திகதி எடுத்த புள்ளியையும் 20ஆம் திகதி எடுத்த புள்ளியையும் ஒப்பிட்டு "சிகிச்சை வேலை செய்கிறது" என்று சொல்லிவிட முடியாது. முடிந்தவரை மாதத்தின் அதே காலத்தில் எடுத்த புள்ளிகளை ஒப்பிடுங்கள். மழையும் அப்படித்தான். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை சரிந்ததற்குப் பிறகு, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களைப் புரட்டிப் போட்டதற்குப் பிறகு, மண்சரிவு எச்சரிக்கை வந்தாலே ராத்திரி முழுக்க விழித்திருக்கும் லயங்கள் இருக்கின்றன. அந்தக் கிழமையில் தூக்கத்துக்கான புள்ளி ஏறினால் அது நோய் திரும்பியதற்கு அடையாளம் ஆகாது. வரைபின் அடியில் பென்சிலால் "மழை", "சம்பளம்", "மகன் கொழும்பு போனான்" என்று எழுதி வைத்தால் மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது வளைவு தானாகப் பேசும்.

நகராதபோது

நான் பரிந்துரைக்கும் விதி எளியது. புள்ளி மேற்சொன்ன அளவுக்கு மோசமானால் அன்றைக்கே பேச வேண்டும். மூன்று சந்திப்பில் அசைவே இல்லை என்றால் திட்டத்தைத் துணைநாடியோடு சேர்ந்து திறந்து பார்க்க வேண்டும். ஆறிலும் இல்லை என்றால் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோக வேண்டும். ஆய்வாளர் ஹோவர்டின் குழு 1986இல் காட்டியபடி ஏறத்தாழ எட்டுச் சந்திப்புக்குள் பாதிப்பேர் தெளிவாகத் தேறுகிறார்கள். தேறுகிறவர்கள் பொதுவாகச் சீக்கிரமே அதற்கான அறிகுறியைக் காட்டிவிடுகிறார்கள். மாதம் ஒருமுறை கிளினிக்கில் மூன்று சந்திப்பு என்பது மூன்று மாதம். அது மிக நீளம். நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பில் அதே படிவத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

திட்டத்தைத் திறந்து பார்ப்பது என்றால் என்ன? லாம்பர்ட்டின் குழு இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது: சிகிச்சை உறவு, மாறுவதற்கான மனநிலை, சமூக ஆதரவு, அண்மைய வாழ்க்கை நிகழ்வுகள். முதலில் உறவு. மற்றவை பிறகு. நம்மில் பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். "அவங்க சூழ்நிலை அப்படி" என்று கடைசியிலிருந்து தொடங்கி, நம்மைப் பற்றிய கேள்விக்கு வருவதே இல்லை.

எஸ்ஆர்எஸ் உதவுவது இங்கேதான். மொத்தம் 40இல் 36க்குக் குறைந்தால் பேச வேண்டும் என்பது பொது விதி. நம் மக்களிடம் 36க்குக் குறைவாக வருவதே அரிது. 40க்கு 40 வருவதுதான் வழமை. ஆகவே மொத்தத்தைப் பார்க்காமல், நாலு கோட்டில் எது மற்றவற்றைவிட ஒரு துளி குறைவு என்று பாருங்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

"எல்லாம் நல்லம் மிஸ்."

"சந்தோஷம் அக்கா. மூணு கோட்டுல கடைசி வரைக்கும் போயிருக்கீங்க. இந்த ஒண்ணுல மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் நிக்குது. நான் என்ன மாத்துனா அதுவும் அங்க போகும்?"

"அப்படி ஒண்ணும் இல்ல மிஸ்."

"சின்ன விசயமா இருந்தாலும் சொல்லுங்க. எனக்கு அதுதான் வேணும்."

"இல்ல... மூச்ச இழுத்து விடச் சொன்னீங்க. கண்ண மூடிக்கிட்டு அமைதியா இருக்கச் சொன்னீங்க. ஒரு காம்பராவுல ஆறு பேரு படுக்கிறோம். எங்கன இருந்து செய்யிறது? நான் செய்யல மிஸ்."

மூன்று சந்திப்பாகப் புள்ளி ஏன் அசையவில்லை என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. சொன்ன பயிற்சியை அவர் ஒருநாளும் செய்யவில்லை, செய்ய இடமில்லை. மலைக்கு ஏறும் பாதையில் நடையோடு எண்ணி மூச்சு விடுவது, கொழுந்து எடுக்கும்போது கையின் அசைவோடு சேர்த்துச் செய்வது என்று மாற்றலாம். கேட்ட விதத்தைக் கவனியுங்கள். "ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்பதுதான் பதில். "நான் என்ன மாத்தணும்?" என்று கேட்டால் பதில் சொல்வது மரியாதைக் குறைவாகாது. பதில் வந்ததும் விளக்கம் கொடுக்கவோ நம்மை நியாயப்படுத்தவோ கூடாது. "நல்ல வேளை சொன்னீங்க" என்று சொல்லி, அந்த மாற்றத்தை அடுத்த தடவை கண்ணால் காண முடிவதாகச் செய்ய வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் இரண்டாம் முறை யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

உறவில் குறையில்லை என்றால் அடுத்து உடம்பைப் பாருங்கள். இது லாம்பர்ட்டின் வரிசையில் இல்லாதது. மலையகத்துக்காக நான் சேர்ப்பது. தோட்டப் பெண்களிடம் இரத்தச்சோகை பரவலாக இருக்கிறது. களைப்பு, தூக்கம், பசி, கவனம் ஆகிய நாலுக்கும் பிஎச்கியூ-9இல் தனித்தனிக் கேள்வி உண்டு. இரத்தம் குறைந்த ஒருவருக்கு இந்த நாலிலேயே 8, 10 புள்ளி வந்துவிடலாம். எத்தனை மாதம் பேசினாலும் அது இறங்காது. தைரொயிட்டும் அப்படித்தான். எந்தக் கேள்விகள் அசையாமல் நிற்கின்றன என்று வரி வரியாகப் பாருங்கள். மனசு பற்றிய வரிகள் இறங்கி, உடம்பு பற்றிய வரிகள் மட்டும் நின்றால் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள். கொடுத்த மாத்திரையை ஒழுங்காகக் குடிக்கிறாரா என்பதையும் அப்போதே கேளுங்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போய் வர ஒருநாள் பேர் போகிறது என்பதற்காக மருந்தைப் பாதியாக்கி இரண்டு மாதத்துக்கு நீட்டுகிறவர்கள் இருப்பார்கள்.

பிறகு ஆதரவு, நிகழ்வுகள். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன தாய், பதினாறு வயதில் கொழும்புக் கடைக்குப் போன மகன், குடும்பத்தில் அடி. அடி நடந்துகொண்டிருக்கிற வீட்டில் இருப்பவருக்கு மனச்சோர்வுக்கான பயிற்சிகளை அடுக்கிக்கொண்டே போவது கொடுமை. அந்த வரைபு நேராகக் கிடப்பதே ஒரு தகவல்: தேவைப்படுவது பாதுகாப்பு. பிரதேச செயலகத்து உத்தியோகத்தர்களும் பெண்களுக்கான 1938 இலக்கமும் உள்ளே வர வேண்டிய இடம் அது.

உயிர் பற்றிய கேள்வி

பிஎச்கியூ-9இன் 9ஆம் கேள்வியும் கோர்-10இன் 6ஆம் கேள்வியும் உயிரை விடுவது பற்றியவை. இவற்றுக்கு 0 தவிர எந்தப் பதில் வந்தாலும் மொத்தத்தைக் கூட்டுவதற்கு முன் பேனையை வைத்துவிட்டுப் பேச வேண்டும். இப்போது அந்த எண்ணம் இருக்கிறதா, திட்டம் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா, பூச்சிமருந்தோ களைகொல்லியோ மாத்திரையோ வீட்டில் இருக்கிறதா, அதை யாரிடம் கொடுத்து வைக்கலாம், இன்றிரவு கூட யார் இருப்பார்கள். கேட்டால் எண்ணம் தூண்டப்படும் என்ற பயம் தேவையில்லை. எளிதில் கைக்கெட்டுவதை அகற்றுவது எவ்வளவு உயிர் காக்கும் என்பதற்கு இலங்கையே உலகத்துக்கு உதாரணம்: மிக நஞ்சான பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பிறகு, 1995 வாக்கில் உச்சத்தில் இருந்த தற்கொலை வீதம் பெருமளவு இறங்கியது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். அன்று நிரப்பிய படிவத்தைப் "பிறகு கூட்டலாம்" என்று மேசையில் விட்டுவிட்டுப் போவது, படிவம் கொடுக்காமலே இருப்பதைவிட மோசம். அவர் சொல்லிவிட்டார், நாம் வாசிக்கவில்லை.

எதிர்பார்ப்பைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். இது மந்திரம் இல்லை. ஆய்வாளர் டி யோங்கும் சகாக்களும் 2021இல் இந்த முறை பற்றிய 58 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அறிகுறிகள் குறைவதில் கிடைத்த பலன் சிறியதுதான், விளைவின் பருமனைக் காட்டும் அளவில் 0.15. இடையில் நின்றுபோகிறவர்களும் குறைந்தார்கள். பொது மருத்துவப் பக்கத்தை உள்ளடக்கி 2016இல் வந்த கொக்ரேன் மீளாய்வு (பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அறிக்கை), போதிய சான்று இல்லை என்றே முடித்தது. சராசரி சிறியதாக வருவதற்கு ஒரு காரணம் தெளிவு: தானாகவே தேறி வருகிறவருக்கு இந்தத் தாள் புதிதாக ஒன்றும் தருவதில்லை. தேறாமல் நிற்பவருக்காகத்தான் இது. டி யோங்கின் முந்திய ஆய்வு ஒன்றில், தேறாதவர்களுக்குப் பலன் கிடைத்தது, தகவலை உண்மையில் பாவித்ததாகச் சொன்ன சிகிச்சையாளர்களிடம் மட்டுமே. இடைவிலகல் குறைகிறது என்பது ஒன்றே மலையகத்துக்குப் போதுமான காரணம் என்று நினைக்கிறேன். ஒருநாள் சம்பளத்தை விட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறவர் மூன்றாம் தடவை வராமல் போவதுதான் நம் கிளினிக்குகளின் பெரிய இழப்பு.

அதனாலேயே முதல் சந்திப்பிலும் கடைசிச் சந்திப்பிலும் மட்டும் அளக்கும் பழக்கத்தை விட வேண்டும். நின்றுபோனவர்களுக்குக் கடைசிச் சந்திப்பே கிடையாது. அப்படித் தயாரிக்கும் அறிக்கையில் தேறி முடித்தவர்கள் மட்டும் இருப்பார்கள். சேவை மிக நன்றாக நடப்பதுபோலத் தெரியும். ஒவ்வொரு தடவையும் எடுத்தால், எப்போது நின்றாலும் அவருடைய கடைசிப் புள்ளி கையில் இருக்கும். கோர்-10இல் 22இல் நின்றவருக்கும் 8இல் நின்றவருக்கும் வித்தியாசம் உண்டு. முன்னவரைத் தேடி ஓர் அழைப்புப் போக வேண்டும்.

நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் புள்ளிகளை உத்தியோகத்தரின் சம்பள உயர்வுக்கோ, திட்ட நிதி அறிக்கையில் "இத்தனை வீதம் முன்னேற்றம்" என்று காட்டவோ எடுக்காதீர்கள். எடுத்த அன்றே எண்கள் கெட்டுவிடும். மோசமான நிலையில் உள்ளவர்களை வேறு இடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். "கொஞ்சம் நல்லா இருக்குன்னு போடுங்களேன்" என்று வாயால் சொல்லாமலே முகத்தால் சொல்லிவிடுவார்கள். மேற்பார்வைக் கூட்டத்தில் பாவிப்பதற்கு வேறு வழி உண்டு. மாதம் ஒருமுறை, ஒவ்வொருவரும் தேறாமல் கிடக்கும் இரண்டு வரைபுகளை மட்டும் கொண்டுவர வேண்டும். நன்றாகப் போகிறவற்றுக்கு அங்கே நேரம் இல்லை. ஒரு வரைபுக்குப் பத்து நிமிடம். அடுத்த சந்திப்பில் மாற்றப்போகும் ஒரே ஒரு விஷயத்தை எழுதிக்கொண்டு எழும்ப வேண்டும்.

முடிப்பதற்கும் இதே தாள்தான் வழி காட்டும். வெட்டுப்புள்ளிக்கு நல்ல பக்கத்தில் மூன்று சந்திப்பு தொடர்ந்து நின்றால், இடைவெளியை இரண்டு கிழமையாக்கி, பிறகு ஒரு மாதமாக்கிப் பாருங்கள். அந்த இடைவெளியிலும் புள்ளி நின்றால் விடைகொடுக்கலாம். வரைபை அவர் கையில் கொடுத்து, "இந்த எடத்துல ஏறிச்சே, அப்ப என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவருடைய வார்த்தையிலேயே தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். எழுத்துத் தெரியாதவர் வீட்டில் ஒரு பிள்ளை வாசித்துக் காட்டும், அதற்கு அவர் சம்மதித்தால்.

நாம்தான் இடம் மாறிப் போகிறோம் என்றால் வேலை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மலையகத்தில் தமிழ் பேசும் உத்தியோகத்தர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். கோப்பின் முதல் பக்கத்தில் எந்தப் படிவம், கடைசி நாலு புள்ளி, எதை மாற்றிப் பார்த்தோம், எது சரிவரவில்லை என்று ஐந்து வரி எழுதிவிட்டுப் போங்கள். அடுத்து வருகிறவர் அதே படிவத்தில் தொடரலாம். வந்திருப்பவரும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.